தறிக்குழியிலிருந்து எழுவதற்கு ஓர் ஊசி

(பெரிய காஞ்சிபுரத்தில், நெசவாளர் குடும்பங்கள் கூடிய அவையில் ஆற்றிய உரை)

அவையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் நெசவாளத் தோழர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

தறியை நிறுத்திவிட்டு என்று சொன்னேன். அதன் அருமை எனக்குத் தெரியும். சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற வீட்டில் ஒரு சாயங்காலம் தறி நின்றால், அந்தச் சாயங்காலத்துக்குக் கூலி இல்லை. அப்படியிருந்தும் வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். இன்று நான் பேசப்போவது வலியைப் பற்றி. கழுத்து வலி, தோள் வலி, இடுப்பு வலி, முழங்கால் வலி. அந்த வலிக்கு மெல்லிய ஊசியைக் கொண்டு செய்கிற இரண்டு சிகிச்சைகளைப் பற்றி. ஒன்று அக்குபங்சர். இன்னொன்று ட்ரை நீட்லிங். உள்ளே மருந்து எதுவும் செலுத்தாத வெறும் ஊசி என்பதால் உலர் ஊசி என்று சொல்லலாம்.

நான் பிள்ளையார்பாளையத்துப் பெண். எங்கள் வீட்டு முன்கட்டு முழுக்கத் தறிதான். மீதியிருந்த இடத்தில் நாங்கள் இருந்தோம். தறிக்குழியிலிருந்து அப்பா ஒரே மூச்சில் எழுந்து நான் பார்த்ததே இல்லை. முதலில் வலது கையைப் படமரத்தில் ஊன்றுவார். அப்புறம் இடது முழங்காலைக் குழிமேட்டில் ஏற்றுவார். அந்த நிலையிலேயே கொஞ்ச நேரம் இருப்பார். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மெல்ல நிமிர்வார். பள்ளிக்கூடம் போகிற வயதில் எனக்கு அது வேடிக்கை. நானும் அதேபோல எழுந்து காட்டுவேன். “என்னப்பா பண்ணுது?” என்று கேட்டால், “ஒண்ணுமில்ல பாப்பா, கால் மரத்துப்போச்சு” என்பார். அன்றைக்கு அவருக்கு நாற்பது வயதுதான்.

பிசியோதெரபி படிக்கப் போன பிறகுதான், அப்பா எழுந்த விதத்தில் எந்தெந்தத் தசை ஒத்துழைக்க மறுத்தது என்பது எனக்குப் பெயர் சொல்லிப் புரிந்தது. அதற்குள் அப்பா இல்லை.

ஒரு கேள்வி கேட்கிறேன். வலி என்பது நெசவோடு கூடப் பிறந்ததா? கூலியோடு சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டிய ஒன்றா? “தறிக்காரனுக்கு முதுகுவலி இல்லாம இருக்குமா?” என்று இந்தத் தெருக்களில் எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன்! அந்த ஒரு வாக்கியத்தோடு சண்டை போடத்தான் இன்று இங்கே வந்திருக்கிறேன்.

ஒரு சேலையை எடுத்துக்கொள்வோம். ஆறு கஜம். அதாவது 216 அங்குலம். ஓர் அங்குலத்துக்கு 60 ஊடை என்று வைத்துக்கொள்வோம்; உங்கள் தறியில் கூடும், குறையும். பெருக்கிப் பாருங்கள். 12,960. ஒரே ஒரு சேலைக்குப் பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது தடவை மிதியை அழுத்துகிறீர்கள். அத்தனை தடவை நாடாவை அனுப்புகிறீர்கள். அத்தனை தடவை பலகையை இழுத்து அடிக்கிறீர்கள். கோர்வைச் சேலையானால் கரைக்குத் தனி நாடா. பக்கத்தில் உட்கார்ந்து அதைப் போட இன்னொருவர். இன்று ஐம்பதைத் தாண்டிய பலர் அந்தப் பக்கத்து இடத்தில் முதன்முதலில் உட்கார்ந்தபோது அவர்களுக்குப் பத்து வயதுகூட ஆகியிருக்கவில்லை. வளர வேண்டிய முதுகு வளைந்தே வளர்ந்தது. இதை நான் மறக்கவில்லை. இந்த ஊரும் மறக்கக் கூடாது.

ஆனால் உங்களுக்கு வியப்பாக இருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். அசைகிற கையைவிட அசையாத முதுகுதான் அதிகம் கெடுகிறது. எப்படி?

நம்முடைய கச்சபேசுவரர் கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள். திருமால் ஆமை வடிவில் வந்து சிவனை வழிபட்ட தலம் என்பது புராணம். அந்த ஆமை எந்த ஆமை? மந்தர மலையை முதுகில் தாங்கிய ஆமை. பாற்கடலைக் கடைந்தபோது மலை சுழன்றது. வாசுகி இழுபட்டது. தேவரும் அசுரரும் மாறி மாறி இழுத்தார்கள், மாறி மாறி விட்டார்கள். அடியில் ஆமை மட்டும் அசையாமல் தாங்கியது. தறியிலும் அதுதான் நடக்கிறது. கை போகிறது, வருகிறது. கால் ஏறுகிறது, இறங்குகிறது. சாய்மானம் இல்லாத முதுகும், குனிந்த கழுத்தும், தூக்கிய தோளும் மணிக்கணக்காக அப்படியே நிற்கின்றன. சுருங்கிய தசை தன்னுள் ஓடும் ரத்தக் குழாய்களைத் தானே நெருக்கிக்கொள்கிறது. சுருங்கி விரியும் தசைக்கு ரத்தம் வந்து போக இடைவெளி கிடைக்கும். சுருங்கியே நிற்கும் தசைக்கு அந்த இடைவெளி இல்லை.

கார்த்திகை ஞாயிற்றுக்கிழமைகளில் மண்சட்டியில் மாவிளக்கு ஏற்றித் தலையில் சுமந்துகொண்டு அதே கோயிலைச் சுற்றி வருகிறோம், தலைநோய் தீர வேண்டும் என்று. வலியைச் சாமியிடம் வாய்விட்டுச் சொல்ல நமக்குத் தெரிந்திருக்கிறது. மருத்துவரிடம் சொல்லத்தான் தயங்குகிறோம். மெடிக்கல் கடையில் “முதுகுவலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க” என்பதோடு நின்றுவிடுகிறோம். அந்த மாத்திரை ஒரு நாள், இரண்டு நாள் என்றால் சரி. மாதக்கணக்கில் தினமும் போட்டால் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். சேலை அறுக்கிற தேதி நெருங்க நெருங்க மாத்திரையின் எண்ணிக்கையும் ஏறுகிற வீடுகளை எனக்குத் தெரியும்.

இப்போது எல்லோரும் ஒரு காரியம் செய்யுங்கள். இடது கையை வலது தோள்மேல் போடுங்கள். கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவில் உள்ள சதையைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையில் பிடியுங்கள். மெல்ல உருட்டிப் பாருங்கள். கயிறுபோல ஏதாவது தட்டுப்படுகிறதா? அந்தக் கயிற்றில் பட்டாணி அளவுக்கு ஓர் இடம் அழுத்தினால் ‘அம்மா’ என்கிறதா? முகம் சுளிப்பதை இங்கிருந்தே பார்க்கிறேன்! அதுதான் இன்றைய பேச்சின் கதாநாயகன். அதுதான் முடிச்சு. மருத்துவத்தில் ட்ரிகர் பாயிண்ட் என்கிறார்கள்.

இனி ஊசிக்கு வருவோம். இதோ என் கையில் இருப்பது. பின் வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியாது, அவ்வளவு மெல்லியது. தடிமன் 0.25 மில்லிமீட்டர். நமக்குப் போடுகிற மருந்து ஊசி இதைவிட இரண்டரை மடங்காவது தடிமனாக இருக்கும். காரணம், மருந்து ஊசி ஒரு குழாய். மருந்து ஓட உள்ளே துளை வேண்டும். இது துளையில்லாத கம்பி, துருப்பிடிக்காத எஃகு. வளைத்தால் வளையும். முனை உருண்டு கூர்ந்தது.

இந்த ஊசி எங்கிருந்து வந்தது? சீனாவிலிருந்து. காஞ்சிபுரத்தில் நின்று இதைச் சொன்னால் உடனே ஒரு குரல் எழும்: “போதிதர்மர் இங்கிருந்துதானே போனார்? அவர் கொண்டுபோனதுதானே இதெல்லாம்?” அவரைப் பற்றிய சினிமா வந்த பிறகு இந்தக் கேள்வி என்னைத் துரத்துகிறது. ஊர்ப்பாசம் எனக்கும் உண்டு. ஆனால் காலக்கணக்கு இடம் கொடுக்கவில்லை. ஊசி மருத்துவத்தை விரிவாகச் சொல்லும் சீன நூல், மஞ்சள் பேரரசரின் பெயரால் வழங்குவது, இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே தொகுக்கப்பட்டுவிட்டது. போதிதர்மர் வாழ்ந்தது கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டில். நடுவில் ஐந்நூறு ஆண்டு இடைவெளி இருக்கிறது. நம்மிடம் நம்முடையது இருக்கிறது. குமரி மாவட்டத்து வர்ம ஆசான்கள் 108 வர்ம இடங்களைக் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். சுசுருதரின் நூல் 107 மர்மங்களைச் சொல்கிறது. சித்த மருத்துவத்தில் தொக்கணம் உண்டு, ஒத்தடம் உண்டு. அந்தப் பெருமை போதும். பிறருடையதையும் நம்முடையது என்று சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

சீனாவிலிருந்து வந்ததென்றால் நாம் ஒதுக்க வேண்டுமா? ஐயா, பட்டு எங்கிருந்து வந்தது? பட்டுப்பூச்சி வளர்த்து நூல் எடுக்கும் வித்தை பிறந்த மண் எது? சீனாதானே! ஹான் காலத்துச் சீன வரலாற்று நூலில் வரும் ஹுவாங்சி என்ற ஊர் நம் காஞ்சிதான் என்று கருதும் அறிஞர்கள் இருக்கிறார்கள். 7ஆம் நூற்றாண்டில் யுவான் சுவாங் இந்த ஊருக்கு வந்து பார்த்து எழுதிவைத்துப் போனார். கொடுப்பதும் வாங்குவதும் நமக்குப் புதிதல்ல. வந்த பட்டை நம் கைகள் காஞ்சிப் பட்டு ஆக்கின. 2005ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் வந்தது. வந்த நூலை வாங்கிக்கொண்ட நாம் வந்த ஊசியை வாங்கிக்கொள்ள ஏன் கூச வேண்டும்?

அந்த ஊசி இந்தியாவுக்கு வந்த கதையும் உருக்கமானது. 1938இல், ஜப்பானியப் படையெடுப்பில் சிக்கித் தவித்த சீனாவுக்கு இந்திய தேசிய காங்கிரஸ் ஐந்து மருத்துவர்களை அனுப்பியது. அவர்களில் சோலாப்பூர்க்காரரான துவாரகாநாத் கோட்னிஸ் அங்கேயே 1942இல், 32 வயதில் உயிர் விட்டார். சோலாப்பூரும் நெசவாளர் ஊர்தான் என்பதை உங்களுக்கு நினைவூட்டுகிறேன். அதே ஐவரில் இன்னொருவர் விஜய் குமார் பாசு. அவர் 1950களின் இறுதியில் மறுபடியும் சீனா போய் அக்குபங்சர் கற்றுக்கொண்டு வந்து கல்கத்தாவில் தொடங்கினார். மேற்கு வங்கம் 1996இல் இதற்கென்று தனிச் சட்டமே கொண்டுவந்தது. மத்திய அரசு 2003இல் இதை ஒரு சிகிச்சை முறையாக ஏற்றுக்கொண்டது. இன்று சென்னை அரும்பாக்கத்தில் உள்ள அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரியின் பட்டப்படிப்பிலும் அக்குபங்சர் இருக்கிறது.

உலகம் முழுக்க இதைப் பேசவைத்தவர் மருத்துவர் அல்ல, ஒரு பத்திரிகையாளர். நியூயார்க் டைம்ஸின் ஜேம்ஸ் ரெஸ்டன். 1971 ஜூலையில் பீகிங் போன இடத்தில் அவருக்குக் குடல்வால் அறுவை நடந்தது. மறுநாள் இரவு வயிறு உப்பி வேதனைப்பட்டபோது முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் ஊசி குத்தினார்கள். ஒரு மணி நேரத்தில் வேதனை தணிந்தது என்று எழுதினார். ஊசி குத்தியே மயக்க மருந்தில்லாமல் அவருக்கு அறுவை செய்தார்கள் என்று இன்றும் பலர் மேடையில் பேசுகிறார்கள். அப்படி நடக்கவில்லை. அறுவைக்கு வழக்கமான மரப்பு மருந்துதான் கொடுத்தார்கள். அதையும் அவரே எழுதியிருக்கிறார். நல்ல மருத்துவத்துக்குப் பொய் சாட்சி தேவையில்லை.

அக்குபங்சரில் உடம்பில் ஓடும் ஆற்றல் தடங்கள் 14. அவற்றின்மேல் 361 புள்ளிகள். தடத்தில் அடைப்பு விழுந்தால் நோய். ஊசி அடைப்பைத் திறக்கும் என்பது அதன் கொள்கை. உலர் ஊசி வேறு வழியில் வந்தது. அதைப் போடுகிறவர் தடத்தைத் தேடுவதில்லை. விரலால் தசையைத் தடவி முடிச்சைத் தேடுகிறார். ஊசி ஒன்றுதான். கண் வேறு.

அந்தக் கண் எப்படித் திறந்தது? 1938இல் இங்கிலாந்தில் ஜான் கெல்கிரன் என்ற மருத்துவர் ஒரு சோதனை செய்தார். தன்னார்வலர்களின் தசைகளில் கொஞ்சம் உப்புக் கரைசலை ஊசியால் செலுத்தினார். வலி எங்கே வந்தது? குத்திய இடத்தில் மட்டும் வரவில்லை. அங்கிருந்து தள்ளி, வேறோர் இடத்தில் வலித்தது. எந்தத் தசையைக் குத்தினால் எங்கே வலிக்கும் என்பதற்கு ஓர் ஒழுங்கும் இருந்தது. நெசவாளருக்கு இதை நான் விளக்க வேண்டுமா? விழுதுக்குப் பின்னால் பாவில் ஓர் இழை சிக்கிக்கொண்டால் குறை எங்கே தெரிகிறது? முன்னால், நெய்த துணியில் தெரிகிறது. துணியைத் தேய்த்துக்கொண்டிருந்தால் சரியாகுமா? எழுந்து பின்னால் போய் இழையைத் தேட வேண்டும்.

அப்படித் தேடுகிறவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தவர் ஒரு பெண் மருத்துவர். ஜேனட் டிராவெல். டேவிட் சைமன்ஸ் என்பவரோடு சேர்ந்து 1983இல் அவர் வெளியிட்ட பெரிய நூல் இன்றும் எங்கள் மேசைமேல் இருக்கிறது. அமெரிக்க அதிபர் கென்னடியின் முதுகுவலியைப் பார்த்தவர் அவர். முடிச்சுகளில் மரப்பு மருந்தை ஊசியால் செலுத்தினார். அதோடு விட்டாரா? இல்லை. உட்காரும் நாற்காலியை மாற்றச் சொன்னார். கென்னடியின் ஆடும் நாற்காலியைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது அந்த அம்மையார் சொல்லி வந்தது. ஊசி போடுகிற கையே நாற்காலியையும் மாற்றச் சொன்னது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

மருந்துதான் வலியைத் தீர்க்கிறது என்று பலரும் எண்ணியிருந்தபோது, பிராகா நகரத்து மருத்துவர் கரெல் லெவிட் 1979இல் வேறொன்றைச் சொன்னார். 241 நோயாளிகள், 312 வலி இடங்கள். மருந்தில்லாத ஊசியைச் சரியான இடத்தில் குத்தியபோது ஏறக்குறைய 87 சதவீத இடங்களில் உடனே வலி குறைந்தது. அப்படியானால் வேலை செய்தது மருந்தா, ஊசியா? அன்றிலிருந்து உலர் ஊசி தனக்கென்று ஒரு பாதையில் நடக்கிறது.

எங்கள் பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர். உறவு இல்லை, ஆனாலும் சிறுவயதிலிருந்தே பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். பெயர் வேண்டாம். வலது தோளின் முன்பக்கத்தைக் காட்டி, “இங்கதான் பாப்பா, ராத்திரி இந்தப் பக்கம் படுக்க முடியல” என்றார். இரண்டு வருடமாக அந்த இடத்தில் தைலம் தேய்த்துத் தேய்த்துத் தோலே கறுத்திருந்தது. பலகையை இழுக்கும்போது கை பாதியில் நின்றுவிடுகிறது. சேலை பத்து நாள் தள்ளிப் போகிறது. அவரைக் குப்புறப் படுக்கவைத்தேன். முன்பக்கத்தைத் தொடவே இல்லை. பின்னால் தோள்பட்டை எலும்பின்மேல் விரலை வைத்து மெல்ல நகர்த்தினேன். ஓர் இடத்தில் விரல் நின்றது. அழுத்தினேன். “அதேதான்! நீ பின்னால தொடுற, எனக்கு முன்னால வலிக்குது” என்றார்.

இன்ஃப்ராஸ்பைனேட்டஸ் என்று அந்தத் தசைக்குப் பெயர். தோள்பட்டை எலும்பின்மேல் படிந்திருக்கும். அதில் முடிச்சு விழுந்தால் வலி தெரிவது தோளின் முன்பக்கத்தில்; சில பேருக்குக் கை நெடுக இறங்கும். அந்த இடத்தைத் துடைத்தேன். பொட்டலத்தைப் பிரித்து, சின்னப் பிளாஸ்டிக் குழாயோடு ஊசியை வைத்து, தலையில் ஒரு தட்டு தட்டினேன். தோலைத் தாண்டியது அவருக்குத் தெரியவில்லை. “எப்ப குத்தப் போற?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் உள்ளே செலுத்தினேன். முடிச்சைத் தொட்டதும் தசை ஒரு துள்ளு துள்ளியது. வெளியிலிருந்து பார்த்தாலே தெரியும். தோலுக்கடியில் மீன் புரண்டது போல இருக்கும். “பாப்பா! உள்ள நாடா துள்ளுச்சு” என்றார்.

அந்தத் துள்ளலுக்காகத்தான் நாங்கள் காத்திருக்கிறோம். முதுகுத்தண்டு வழியாகப் போய்த் திரும்பும் ஓர் அனிச்சை அது. துள்ளிய தசை தளர்கிறது. குத்திய நுண்ணிய காயத்தால் அந்த இடத்துக்கு ரத்தம் பாய்கிறது. மூளையும் முதுகுத்தண்டும் வலியைத் தணிக்கும் சுரப்புகளை வெளிவிடுகின்றன. உடம்பு தானே காய்ச்சும் மருந்து அது. முடிச்சுக்குள் சரியாக என்ன நடக்கிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. பெரியப்பாவுக்கு மறுநாள் அந்த இடம் அடிபட்டது போல வலித்தது. சொல்லித்தான் அனுப்பியிருந்தேன். மூன்றாம் நாள் கை மேலே போனது. நான்கு தடவை வந்தார். ஆனால் ஊசியோடு அவர் நின்றுவிடவில்லை. தினமும் செய்ய மூன்று பயிற்சிகளையும் வாங்கிக்கொண்டு போனார். அவற்றைச் செய்தாரா? செய்தார். பேத்தி உட்கார்ந்து எண்ணினாளாம்.

இப்போது கசப்பான பகுதி. கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஜெர்மனியில் 2007இல் ஓர் ஆராய்ச்சியின் முடிவு வந்தது. நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1,162 பேர். ஒரு பகுதியினருக்கு முறையான அக்குபங்சர். ஒரு பகுதியினருக்குப் புள்ளியே இல்லாத இடத்தில் மேலோட்டமாக ஊசி. மூன்றாவது பகுதியினருக்கு மருந்து, உடற்பயிற்சி என்று வழக்கமான சிகிச்சை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், முறையான ஊசி பெற்றவர்களில் 47.6 சதவீதம் பேருக்கு நல்ல குணம். வழக்கமான சிகிச்சையில் 27.4 சதவீதம். பெரிய வித்தியாசம்தானே! ஆனால் தப்பான இடத்தில் குத்திக்கொண்டவர்கள்? 44.2 சதவீதம்.

இதைக் கேட்டுச் சிலர் அக்குபங்சரே ஏமாற்று என்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஊசி குத்துவது, நோயாளியைப் படுக்கவைப்பது, அரை மணி நேரம் ஒருவர் பக்கத்தில் இருந்து அக்கறையாகத் தொட்டுப் பார்ப்பது, இவையெல்லாம் சேர்ந்து வலியைக் குறைக்கின்றன என்றுதான் புரிந்துகொள்கிறேன். அதே சமயம், இந்தப் புள்ளி தவறினால் குணமே இல்லை என்று சத்தியம் செய்கிறவரை நம்பவும் மாட்டேன். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டும் அமைப்பு 2009இல் இடுப்பு வலிக்கு அக்குபங்சரைப் பரிந்துரைத்தது. 2016இல் வேண்டாம் என்று மாற்றிக்கொண்டது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில், மற்ற முயற்சிகளோடு ஊசிச் சிகிச்சையும் உதவலாம் என்று நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டது. அறிவுள்ளவர்கள் இன்னும் எடைபோட்டுக்கொண்டிருக்கும் ஒன்றை ஒரே நாளில் குணம் என்று சுவரொட்டி போட்டு விற்பது நியாயமா?

மூட்டுக்கு வருவோம். முழங்கால் ஜவ்வு தேய்ந்துவிட்டது என்று எக்ஸ்ரே சொன்னால், எந்த ஊசியாலும் தேய்ந்த ஜவ்வை வளர்க்க முடியாது. எந்த ஊசியாலும்! முழங்காலைச் சுற்றியுள்ள தசைகளின் இறுக்கம் சிலருக்கு ஊசியால் தளரும். வலி சற்றே இறங்கும். ஆனால் மூட்டுத் தேய்மானத்துக்கு முதல் மருந்து தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியும் உடல் எடையைக் குறைப்பதும்தான். ஊசி பல நாள் வலியில் ஒரு சந்து திறந்துவிடுகிறது. அந்தச் சந்தில் நடப்பது நாம்தான்.

எந்த வலிக்கு ஊசியைத் தேடிப் போகக் கூடாது? இடது தோளோ தாடையோ வலித்து, நெஞ்சு அழுத்தி, வியர்த்துக் கொட்டினால் அது முடிச்சு அல்ல; இதயம். அந்த நிமிடமே மருத்துவமனை. இடுப்பு வலியோடு பாதம் தொய்ந்து செருப்பு கழன்று விழுந்தால், சிறுநீர் வருவது தெரியாமல் போனால், அன்றைக்கே மருத்துவமனை. முதுகுவலியோடு சாயங்காலக் காய்ச்சலும் எடைக் குறைவும் இருந்தால் முதுகெலும்பில் காசநோய் இருக்கலாம். நம் நாட்டில் அது அரிதல்ல. காலையில் விரல் மூட்டுகள் வீங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் மடங்காமல் இருந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு. ஊசியில் காலம் கடத்தினால் மூட்டு கோணிப்போகும்.

குத்துகிறவரிடமும் கேளுங்கள். எங்கே படித்தீர்கள் என்று கேளுங்கள். கூச்சப்படாதீர்கள், நூல் வாங்கும்போது எடையைச் சரிபார்க்காமலா வாங்குகிறோம்? பொட்டலம் உங்கள் கண்முன்னால் பிரியட்டும். ஒருமுறை குத்திய ஊசி மறுமுறை யாருக்கும் குத்தப்படக் கூடாது. மஞ்சள் காமாலைக் கிருமி அந்த வழியில் பரவும். தோளிலும் மார்பின் மேல்புறத்திலும் அளவு தெரியாமல் ஆழக் குத்தினால் நுரையீரல் உறையைத் துளைக்கும். அபூர்வம், ஆனால் நடந்திருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் சர்க்கரையால் பாதம் மரத்தவர்களும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இன்னொன்று. ஊசியால் குத்தினாலும் சரி, விரலால் தொட்டாலும் சரி, “சர்க்கரை மாத்திரையை நிறுத்து, இன்சுலினை நிறுத்து” என்று ஒருவர் சொன்னால் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். அப்படி நிறுத்தியவர்களின் கால் புண்ணை நான் கட்டியிருக்கிறேன்.

டிராவெல் அம்மையாரின் நாற்காலிக்குத் திரும்ப வருகிறேன் என்றேன். முடிச்சை அவிழ்த்துவிட்டு, முடிச்சு போட்ட அதே இடத்தில் அதே மாதிரி உட்கார்ந்தால் என்ன ஆகும்? மறுபடியும் முடிச்சுதான். நம் தறியில் எதை மாற்ற முடியும்? உட்காரும் பலகையில் கெட்டியான ஒரு திண்டு. பின்பக்கம் கொஞ்சம் உயரமாக, இடுப்பு முன்னால் சாய்கிற மாதிரி. துணி தெரிய நல்ல வெளிச்சம். வெளிச்சம் இருந்தால் கழுத்து அவ்வளவு குனியாது. எல்லாவற்றையும்விட முக்கியம் எழுந்திருப்பது. மணி பார்த்து எழ யாருக்கும் நினைவிருக்காது. ஆனால் நாடாவுக்குள் இருக்கும் ஊடைத் தார் தீர்ந்தால் நாடா தானே நிற்கும் அல்லவா? அதையே மணியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தார் மாற்றும்போதும் தோளை ஐந்து முறை பின்பக்கமாகச் சுழற்றுங்கள். நாலைந்து தாருக்கு ஒருமுறை குழியை விட்டு ஏறி வாசல்வரை நடந்துவிட்டு வாருங்கள்.

தார் என்றதும் தாய்மார்கள் நினைவுக்கு வருகிறீர்கள். தறியில் இருக்கிறவருக்காவது “நெய்து நெய்து முதுகு போச்சு” என்று ஊர் இரக்கப்படுகிறது. தரையில் ஒரு காலை மடக்கி, ஒரு கையில் ராட்டையைச் சுற்றி, மறு கையில் இழையைப் பிடித்துத் தார் சுற்றும் உங்கள் கழுத்தையும் மணிக்கட்டையும் யார் விசாரிக்கிறார்கள்? சுற்றி முடித்துச் சமையல், தண்ணீர், துணி. என் அம்மா தலைவலி என்று நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டுதான் பல நாள் தார் சுற்றினார். கழுத்துத் தசையின் முடிச்சிலிருந்து நெற்றிப்பொட்டுக்கு ஏறும் வலி அது என்று இன்று நினைக்கிறேன். ராட்டையை ஒரு பலகைமேல் உயர்த்தி, நீங்கள் முக்காலியில் உட்காருங்கள். இழையைப் பிடிக்கும் கையை அவ்வப்போது உதறி விரல்களை விரியுங்கள். அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவுக்கு வாருங்கள். வர முடியாத முதியவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது, கேட்டு வாங்குங்கள்.

நேரம் ஆகிவிட்டது. மேடையோரத்து மேசையில் பிரிக்காத ஊசிப் பொட்டலங்கள் சில வைத்திருக்கிறேன். யாருக்கும் இன்று குத்தப்போவதில்லை. எடுத்துப் பார்க்கலாம், வளைத்துப் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள். இப்போது எல்லோரும் எழுந்திருக்கப் போகிறீர்கள். முன்னால் இருக்கும் நாற்காலியில் கையை ஊன்றி, ஒரு நிமிடம் அப்படியே இருந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிறவர்கள் யார் யார் என்று நான் இங்கிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அவர்கள் முதலில் வாருங்கள்.